எந்த ஆண்டின் அலி?

வளையத்துக்குள் ஒரு நூற்றாண்டு – 14

1970 ஜனவரி 20. அமெரிக்காவிலும் கனடாவிலும் ஐரோப்பாவிலும் ஆயிரத்துக்கும் மேற்பட்ட திரையரங்குகளில் ஒரே இரவில் ஒரு குத்துச்சண்டை திரையிடப்பட்டது. ஒரு மூலையில் ராக்கி மார்சியானோ: 49 சண்டை, 49 வெற்றி, அதில் 43 நாக்-அவுட். எதிர் மூலையில் முகமது அலி: அதுவரை 29 சண்டை, 29 வெற்றி. தொழில்முறையில் தோல்வியே காணாத இரண்டு உலக ஹெவிவெயிட் சாம்பியன்கள். 13ஆவது ரவுண்டில் மார்சியானோவின் குத்து வாங்கி அலி விழுந்தார். நடுவர் பத்து வரை எண்ணி முடித்தார்.

அப்படி ஒரு சண்டை நடக்கவே இல்லை.

மார்சியானோ 1956இலேயே கையுறையைக் கழற்றிவிட்டார். அப்போது அலிக்கு வயது 14. கேஷியஸ் கிளே என்ற பெயரில், லூயிவில் நகரத்துப் பள்ளிக்கூடப் பையனாகக் குத்துப் பழகிக்கொண்டிருந்தார். அதைவிடப் பெரிய விஷயம், அந்தப் படம் திரைக்கு வந்த இரவில் மார்சியானோ உயிரோடு இல்லை. 1969 ஆகஸ்ட் 31 அன்று, 46ஆவது பிறந்தநாளுக்கு முந்தைய இரவில், அயோவா மாநிலத்தில் ஒரு சிறிய விமானம் விழுந்து நொறுங்கியதில் இறந்துபோனார். இறந்தவர் ஜெயித்தார், இருப்பவர் தோற்றார். தீர்ப்பு எழுதியது ஒரு கணினி.

இந்தக் கூத்துக்குச் சூத்திரதாரி, மயாமியைச் சேர்ந்த வானொலித் தயாரிப்பாளர் மர்ரி வொரோனர். வெவ்வேறு காலத்து வீரர்களை ஒரே வளையத்தில் மோதவிட்டால் யார் வெல்வார் என்று ரசிகர்கள் காலங்காலமாகக் கட்டிப் புரளும் வழக்கைத் தொழிலாக்கலாம் என்று 1967இல் அவருக்குத் தோன்றியது. எல்லாக் காலத்திலிருந்தும் 16 ஹெவிவெயிட் வீரர்களைத் தேர்ந்தெடுத்தார். ஒவ்வொருவரின் வேகம், குத்தின் பலம், அடி தாங்கும் சக்தி ஆகியவற்றைக் குத்துச்சண்டை எழுத்தாளர்களிடம் கேட்டு எண்களாக்கி, என்.சி.ஆர். 315 என்ற கணினியில் ஏற்றினார். இயந்திரம் துப்பிய முடிவை வைத்து, நேரில் பார்த்துச் சொல்வதுபோல் வானொலியில் வர்ணனை ஒலிபரப்பானது. இறுதிப் போட்டியில் ஜாக் டெம்ப்சியை வீழ்த்தி மார்சியானோ ‘எல்லாக் காலத்துக்குமான சாம்பியன்’ ஆனார்.

அலி காலிறுதியிலேயே தோற்றிருந்தார். தோற்றது யாரிடம் என்பதுதான் அவரைக் கொதிக்கவைத்தது. 1899 முதல் 1905 வரை சாம்பியனாக இருந்த ஜிம் ஜெஃப்ரீஸ், பட்டத்தை வைத்திருந்த காலத்தில் கறுப்பர் எவரோடும் அதற்காக மோத மறுத்தவர். ஓய்வுபெற்ற பிறகு ‘வெள்ளையர் மானத்தைக் காப்பாற்ற’ என்று அழைத்து வரப்பட்டு, 1910 ஜூலை 4 அன்று ரீனோ நகரில் ஜாக் ஜான்சன் என்ற கறுப்பின சாம்பியனிடம் அடிவாங்கி வீழ்ந்தவர். அந்த ஜெஃப்ரீஸிடம் தன்னைத் தோற்கடித்ததற்காக 10 லட்சம் டாலர் கேட்டு வொரோனர் மீது அலி வழக்குப் போட்டார். வியட்நாம் போருக்குப் போக மறுத்ததால் 1967இல் பட்டமும் உரிமமும் பறிபோய், நிஜ வளையத்துக்குள் கால் வைக்க முடியாமல் இருந்த காலம் அது. கற்பனை வளையம் ஒன்றுதான் மிச்சம், அதிலும் தோல்வி.

வழக்கு சமரசத்தில் முடிந்தது. 10,000 டாலர் வாங்கிக்கொண்டு மார்சியானோவோடு படத்தில் நடிக்க அலி சம்மதித்தார். 1969இல் மயாமியில் ஒரு ஸ்டுடியோவுக்குள் ரகசியமாகப் படப்பிடிப்பு. 45 வயது மார்சியானோ 20 கிலோவுக்கு மேல் எடையைக் குறைத்துக்கொண்டு, வழுக்கைக்கு டோப்பா வைத்துக்கொண்டு வந்தார். ஒரு நிமிட ரவுண்டுகளாக எழுபதுக்கும் மேல் எடுத்தார்கள். விளையாட்டாகக் குத்திக்கொண்டிருந்த அலியின் கை பட்டு ஒருமுறை டோப்பா கழன்றுவந்துவிட்டது. அலி விழுவது, மார்சியானோ விழுவது என்று பல முடிவுகளையும் படமாக்கிக்கொண்டார்கள். எது திரைக்கு வரும் என்று நடித்த இருவருக்குமே தெரியாது.

தெரிந்தபோது, அந்தக் கணினியை அலபாமாவில்தான் செய்திருப்பார்கள் என்றார் அலி. நிறவெறிக்குப் பேர்போன தென் மாநிலம் அது. ஐரோப்பாவில் காட்டப்பட்ட வேறொரு பதிப்பில் அலிதான் வென்றார். கணினி ஒன்று, தீர்ப்பு ஊருக்கு ஒன்று.

---

வொரோனரின் இயந்திரம் 13ஆவது ரவுண்டைக் காற்றிலிருந்து பிடித்துவிடவில்லை. 1952 செப்டம்பர் 23 அன்று பிலடெல்பியாவில் மார்சியானோ உலகப் பட்டம் வென்றதும் 13ஆவது ரவுண்டில்தான். அன்று 12 ரவுண்டு முடிந்தபோது, சாம்பியன் ஜெர்சி ஜோ வால்காட் மூன்று நடுவர்களின் கணக்கிலும் முன்னணியில் இருந்தார். 13ஆவதில் மார்சியானோவின் வலக்கை ஒரே ஒரு முறை சரியாக விழுந்தது. வால்காட் கயிற்றில் சரிந்து தரையில் மடிந்தார்.

அப்போது பட்டச் சண்டை என்றால் 15 ரவுண்டு. இன்று 12. மாற்றத்துக்குக் காரணம் ஒரு சாவு. 1982 நவம்பரில் லாஸ் வேகாஸில் ரே மன்சினியிடம் 14ஆவது ரவுண்டில் விழுந்த தென்கொரிய வீரர் கிம் டுக்-கூ சில நாட்களில் இறந்தார். அதன் பிறகே ரவுண்டுகளைக் குறைத்தார்கள். இன்றைய விதியை 1952க்குக் கொண்டுபோனால் வால்காட் பாயின்டில் ஜெயித்து வீட்டுக்குப் போயிருப்பார்; மார்சியானோவின் ‘தோல்வியே இல்லாத’ கணக்கில் முதல் ஓட்டை அன்றே விழுந்திருக்கும்.

எடையும் அப்படித்தான். அன்று மார்சியானோ 184 பவுண்டு, சுமார் 83 கிலோ. 1980 வாக்கில் ஹெவிவெயிட்டுக்குக் கீழே ‘குரூசர்வெயிட்’ என்று தனிப் பிரிவு தொடங்கியபோது அதன் உச்சவரம்பு 190 பவுண்டு. இன்று பிறந்திருந்தால் அவர் ஹெவிவெயிட்டே கிடையாது. மறுபக்கம், 1966 நவம்பர் 14 அன்று ஹூஸ்டனில் கிளீவ்லண்ட் வில்லியம்ஸை மூன்றே ரவுண்டில் முடித்த அலியின் எடை 212 பவுண்டுக்குச் சற்று மேல். கை நீளத்தில் இருவருக்கும் இடையே சுமார் 10 அங்குல வித்தியாசம். அலியின் ஜாப் முகத்தில் விழும் தூரத்தில் நின்றால் மார்சியானோவின் ஹூக் காற்றைத்தான் கிழிக்கும். அதைத் தாண்டி உள்ளே புக முடிந்தால் கதை வேறு. ஜோ ஃபிரேசியர் 1971இல் உள்ளே புகுந்து இடக்கை ஹூக்கால் அலியைக் கீழே தள்ளிக் காட்டினார். ஆனால் ஃபிரேசியர் தள்ளியது 1971இன் அலியை. மூன்றரை ஆண்டுகள் சண்டையில்லாமல் கால் வேகம் குறைந்து திரும்பி வந்த அலி அவர். 1966இன் அலியை அந்த ஹூக் தேடிப் பிடித்திருக்குமா?

கனவுச் சண்டை கட்டுபவர்கள் பெரும்பாலும் தவறவிடுவது இந்த இடத்தைத்தான். பெயருக்கும் பெயருக்கும் மோதல் கிடையாது. எந்த ஆண்டின் உடல், எந்த ஆண்டின் விதி என்று முதலில் நிர்ணயிக்க வேண்டும்.

---

இன்னும் பின்னால் போனால் விதிகளின் இடைவெளி பள்ளத்தாக்காகவே விரியும். அந்தப் பழைய காலத்துக்கு வடலூர்க்காரர்கள் பக்கத்திலேயே ஒரு சாட்சி வைத்திருக்கிறார்கள். சுமார் 35 கிலோமீட்டர் வடகிழக்கே, கடலூர் தேவனாம்பட்டினத்தில் இருக்கும் புனித டேவிட் கோட்டை. 1690இல் ஆங்கிலேயர் விலைக்கு வாங்கிய இடம். 1746இல் பிரெஞ்சுக்காரர் சென்னையைப் பிடித்துக்கொண்டதும் 1752 வரை சோழமண்டலக் கரையில் கிழக்கிந்தியக் கம்பெனியின் தலைமையகமே அதுதான். சென்னையிலிருந்து தப்பிய ராபர்ட் கிளைவ் வந்து ஒதுங்கியதும் அங்கேதான்.

அதே காலத்தில் லண்டனில் குத்துச்சண்டையின் முடிசூடா மன்னன் ஜாக் பிராட்டன். 1743இல் முதன்முதலாக எழுத்தில் விதிகளை வகுத்தவர் அவர். கையுறை கிடையாது. ரவுண்டுக்கு நேரக் கணக்கு கிடையாது. ஒருவர் விழுந்தால் ரவுண்டு முடிந்தது. விழுந்தவர் எழுந்து, நடுவில் போட்ட கோட்டுக்கு வந்து நிற்க அரை நிமிடம். எதிராளியின் முடியைப் பிடிக்கலாம்; இடுப்புக்கு மேல் கட்டிப்பிடித்துத் தரையில் சாய்க்கலாம். 1750இல் ஜாக் ஸ்லாக் என்ற கசாப்புக்காரரின் குத்தில் இரு கண்ணும் வீங்கி மூடிக்கொள்ள, பார்வையில்லாமலே பிராட்டன் தோற்றார்.

வள்ளலார் வடலூரில் சத்திய தருமச்சாலையின் அடுப்பை மூட்டிய அதே 1867இல்தான் லண்டனில் குயின்ஸ்பெரி விதிகள் வெளியாயின. மூன்று நிமிட ரவுண்டு, ஒரு நிமிட ஓய்வு, விழுந்தால் பத்து விநாடி, கையில் கட்டாயமாகக் கையுறை. நாம் இன்று குத்துச்சண்டை என்று சொல்வது அன்று பிறந்ததுதான். பிராட்டனையும் அலியையும் மோதவிட நினைப்பவர், 1867க்கு முன்னால் நிற்கிறாரா பின்னால் நிற்கிறாரா என்பதைப் பொறுத்தே வெற்றி கை மாறும். முடியைப் பிடித்துத் தரையில் அடிக்கும் சண்டையில் அலியின் நடனக் கால் எதற்கு உதவும்? கையுறையும் பத்து எண்ணிக்கையும் வந்துவிட்டால் பிராட்டனுக்கு நான்கு நிமிடம் தாங்குமா?

---

இனி சென்னை. கணினியில் தோற்றுச் சரியாகப் பத்து ஆண்டு கழித்து, 1980 தொடக்கத்தில், அலி நிஜமாகவே இங்கே வந்து இறங்கினார். நேரு விளையாட்டரங்கில் காட்சிச் சண்டை. முதலமைச்சர் எம்.ஜி.ஆர். வந்திருந்தார். அரங்கம் கொள்ளாத கூட்டம். எதிரே நின்றவர் ஜிம்மி எல்லிஸ்.

எல்லிஸ் யார் என்று தெரிந்தால் அந்த மாலையின் சுவை கூடும். அவரும் லூயிவில்காரர்தான். அமெச்சூர் பையன்களாக இருவரும் இருமுறை மோதி ஆளுக்கொன்று ஜெயித்தவர்கள். பிறகு எல்லிஸ் பல ஆண்டுகள் அலியின் ஸ்பாரிங் கூட்டாளி. அலியிடமிருந்து பட்டம் பறிக்கப்பட்டபோது, காலியான இடத்துக்கு உலகக் குத்துச்சண்டைச் சங்கம் நடத்திய போட்டித் தொடரில் 1968 ஏப்ரலில் ஜெர்ரி குவாரியை வென்று சாம்பியன் ஆனார். 1970 பிப்ரவரியில் ஃபிரேசியரிடம் பட்டத்தை இழந்தார். 1971 ஜூலையில் ஹூஸ்டனில் அலியும் எல்லிஸும் நிஜமாகவே மோதினார்கள். இருவருக்கும் ஒரே பயிற்சியாளர், ஏஞ்சலோ டண்டி. அவர் எல்லிஸுக்கு மேலாளராகவும் இருந்ததால் அன்று அவர் பக்கம் போய் நின்றார். 12ஆவது ரவுண்டில் நடுவர் சண்டையை நிறுத்தி அலிக்கு வெற்றி கொடுத்தார்.

சென்னை பார்த்தது அந்த இருவரை அல்ல. அலிக்கு 38 வயது. முந்தைய ஆண்டே ஓய்வை அறிவித்திருந்தார். எல்லிஸுக்கு 40 நெருங்கிக்கொண்டிருந்தது. பயிற்சியில் கண்ணில் பட்ட அடியால் 1975இலேயே விலகியவர். காட்சிச் சண்டைக்குத் தீர்ப்பு கிடையாது. அடி விழுவதுபோல் விழும், கால் ஆடுவதுபோல் ஆடும், கூட்டம் கத்தும். மயாமி ஸ்டுடியோவில் எடுத்த படத்துக்கும் இதற்கும் ஒரு வித்தியாசம்தான்: இங்கே முடிவு என்று ஒன்றைக் காட்ட வேண்டிய கட்டாயம் யாருக்கும் இல்லை.

அந்தப் பயணத்தின்போதுதான் அமெரிக்க அதிபர் ஜிம்மி கார்ட்டரிடமிருந்து அலிக்கு அழைப்பு வந்தது. மாஸ்கோ ஒலிம்பிக்கைப் புறக்கணிக்கும்படி ஆப்பிரிக்க நாடுகளிடம் பேச வேண்டும் என்பது கோரிக்கை. இந்தியாவிலிருந்தே தான்சானியாவுக்குப் பறந்தார் அலி. எட்டு மாதம் கழித்து, 1980 அக்டோபர் 2 அன்று, ஓய்வை முறித்துக்கொண்டு லாரி ஹோம்ஸை எதிர்த்தார். பத்து ரவுண்டு அடி வாங்கினார். அதற்கு மேல் வேண்டாம் என்று டண்டியே நிறுத்தினார். 1984இல் பார்கின்சன் நோய் என்று மருத்துவர்கள் சொன்னார்கள். ‘அலியை நேரில் பார்த்தேன்’ என்று சொல்லும் சென்னைப் பெரியவர்கள் பார்த்தது, ஹோம்ஸிடம் அடிவாங்கப் போன அலியை. வாதாடும்போது அவர்கள் எடுத்து நிறுத்துவதோ 1966இன் அலியை.

---

நேரு விளையாட்டரங்கத்துக்குப் பக்கத்திலேயே இருக்கிறது கண்ணப்பர் திடல். சார்பட்டா, இடியாப்ப நாயக்கர், எல்லப்பச் செட்டியார் என்று பரம்பரை பரம்பரையாகப் பிரிந்து நின்று வடசென்னை மோதிக்கொண்ட களங்களில் ஒன்று. துறைமுகத் தொழிலாளிகளும் மீனவர்களும் மில் தொழிலாளிகளும் பகலில் வேலை, மாலையில் வாத்தியாரிடம் பாடம் என்று வளர்ந்த வீரர்கள் அவர்கள்.

அங்கே இன்றும் முதலில் சொல்லப்படும் பெயர் கித்தேரி முத்து. சார்பட்டா பரம்பரைக்காரர். 1940களில் டெர்ரி என்ற ஆங்கிலோ இந்திய வீரரை அவர் வீழ்த்தியதும், அதற்காகப் பெரியார் அவருக்குத் ‘திராவிட வீரன்’ என்று பட்டம் தந்ததும் வடசென்னையில் தாத்தா சொல்ல, அப்பா கேட்டு, பேரனுக்கு வந்து சேர்ந்த செய்தி. வெள்ளைக்காரன் கொண்டுவந்த ஆட்டத்தில், அவன் ஆட்சி நடந்த காலத்திலேயே, அந்தப் பக்கத்து ஆளை அடித்துச் சாய்த்த கதை என்பதால் அதற்கு வயதாகவில்லை.

அரை நூற்றாண்டு தள்ளி இன்னொரு சென்னைக்காரர். வி. தேவராஜன், பான்டம்வெயிட். 1994இல் பாங்காக்கில் நடந்த உலகக் கோப்பைக் குத்துச்சண்டையில் வெண்கலம் வென்றவர். அர்ஜுனா விருது பெற்றவர். கித்தேரி முத்துவும் தேவராஜனும் மோதினால்?

பாங்காக் விதியில் மோதினால் மூன்று ரவுண்டு, தலையில் காப்புக் கவசம். 1988 சியோல் ஒலிம்பிக்கில் ராய் ஜோன்ஸ் அப்பட்டமாக ஏமாற்றப்பட்ட பிறகு புகுத்திய கணினிப் பாயின்ட் முறை: வளையத்தைச் சுற்றி உட்கார்ந்திருக்கும் ஐந்து நடுவர்களில் மூன்று பேராவது ஒரே விநாடிக்குள் பொத்தானை அழுத்தினால்தான் ஒரு பாயின்ட். அந்தக் கணக்கில் தாடையைப் பெயர்க்கும் ஹூக்குக்கும் மூக்கைத் தொடும் ஜாபுக்கும் ஒரே மதிப்பு. தொட்டுவிட்டு நகரத் தெரிந்தவர்களை வளர்த்த விதி அது. தேவராஜன் அதில் ஊறியவர். முத்துவுக்கு முதல் ரவுண்டு முடிவதற்குள் கணக்கு எட்டாத தூரம் போயிருக்கும்.

களத்தைக் கண்ணப்பர் திடலுக்கு மாற்றினால் தராசு சாயும். தலைக்கவசம் இல்லை. பொத்தான் இல்லை. ஆளைச் சாய்த்தால்தான் பேச்சு. சுற்றிலும் இரண்டு பரம்பரையின் ஆட்கள் எழுந்து நின்று கூச்சல் போடுவார்கள். தோற்றால் தோற்றது ஓர் ஆள் மட்டும் இல்லை. அங்கே பாயின்ட் எடுத்து விலகும் ஆட்டத்துக்குக் கைதட்டல் கிடைக்காது. மூன்றாவது ரவுண்டோடு மணியும் நிற்காது. அந்த இரவில் முத்து பக்கம் பணம் கட்டாதவர் குறைவாகத்தான் இருப்பார்கள்.

2021 ஜூலையில் ஓ.டி.டி.யில் வந்த பா. இரஞ்சித்தின் ‘சார்பட்டா பரம்பரை’ இந்த வாதங்களை வடசென்னையைத் தாண்டி வெளியே கொண்டுவந்தது. அதன் கதை நடப்பது 1970களின் நடுவில், நெருக்கடி நிலைக் காலத்தில். கபிலனும் வேம்புலியும் டான்ஸிங் ரோஸும் கற்பனைப் பாத்திரங்கள், பரம்பரைகள் நிஜம். கொரோனாவுக்குத் திரையரங்குகள் மூடிக்கிடந்த நேரத்தில் வீட்டுக்குள்ளிருந்தே படத்தைப் பார்த்த தலைமுறை, வடலூர் நான்குமுனைச் சந்திப்பில் டீ கிளாஸோடு நின்றாலும் படத்தின் ரங்கன் வாத்தியார் பாணியில் கார்டு, ஃபுட்வொர்க் என்று பேசுகிறது. கபிலன் கடைசியில் வென்றது வேம்புலியை. டான்ஸிங் ரோஸ் இன்னும் இரண்டு ரவுண்டு நின்றிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பதுதான் அவர்களுடைய வழக்கு.

வொரோனர் கணினிக்குக் கொடுத்ததும் எழுத்தாளர்களின் ஞாபகத்தைத்தான். எண்ணாக மாற்றிக் கொடுத்தார், அவ்வளவே. வடசென்னை தன் ஞாபகத்தை எண்ணாக்கவில்லை. அதனால் அங்கே முத்து இன்னும் யாரிடமும் தோற்காமல் இருக்கிறார்.

அடுத்த பகுதியில்: அதே 1980 ஜனவரியில் டெல்லியில் அலியின் எதிரே நான்கு ரவுண்டு நின்ற இந்திய ராணுவ ஹவில்தார், பஞ்சாபின் கவுர் சிங். இரண்டு ஆண்டு கழித்து டெல்லி ஆசிய விளையாட்டில் ஹெவிவெயிட் தங்கம் வென்றவர். 1966, 1970 என்று அடுத்தடுத்து இரண்டு ஆசியத் தங்கம் வென்ற ஹவா சிங்கோடு அவரை மோதவிட்டால் என்ன நடந்திருக்கும்?

(தொடரும்)